தாடி வைத்த ராஜாவும் பழம்புளியும்

எங்கள் அப்பாவுக்கு போட்டோ கிடையாது. எங்கள் மலையில் அப்போது யாருக்குமே கிடையாது. அடிவாரத்தில் ஒடுகத்தூரில் ஒரு ஸ்டுடியோ இருந்தது. அப்பா புளி மூட்டை இறக்கப் போகும்போதெல்லாம் அம்மா சொல்லி அனுப்புவாள், ஒரு தடவை உட்கார்ந்து எடுத்துக்கொண்டு வா என்று. அப்பா சரி என்பார். புளியைப் போட்டுவிட்டு உப்பும் கருவாடும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார். கேட்டால், "மூஞ்சி இங்கயேதான கீது, எங்க போவுது" என்பார்.

குளிர்காய்ச்சலில் போனார். ஒன்பது நாள் படுத்திருந்தார். அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். எழுபதுகளின் ஆரம்பம். சரியான வருஷம் சொல்லத் தெரியவில்லை. மூன்றாவது வரைதான் படித்தேன். எழுதுவதும் குறைவு, பேசுவதும் குறைவு. நன்றி சொல்ல வேண்டிய ஆள் ஒருவர் இருக்கிறார். அவருக்கு நேரில் நான் சரியாகச் சொல்லவில்லை. அதற்காக இதை எழுதுகிறேன். யார் பேரும் போடவில்லை.

அப்பா போய் இரண்டு வருஷம் இருக்கும். ஒரு நாள் அம்மா சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"டேய், உங்கப்பா மூஞ்சி வர மாட்டேங்குதுடா."

"இன்னாம்மா?"

"நெனச்சுப் பாக்கறேன். கொரலு வருது. நடை வருது. முதுகு நல்லா வருது. மூஞ்சி மட்டும் வர மாட்டேங்குது."

நானும் நினைத்துப் பார்த்தேன். எனக்கு மூக்கு மட்டும் வந்தது. நடுவில் மேடு ஏறி இறங்குகிற மூக்கு. மற்றது வரவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் நான் அம்மா பக்கம். சப்பை மூக்கு. அம்மா திரும்பவும் புடைக்க ஆரம்பித்தாள்.

அந்த வருஷம் மழை அதிகம். சரிவில் இருக்கிற சாமை நிலத்தின் கல் கட்டு இடிந்துவிட்டது. கல்லை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். அடிக்கல்லுக்குக் கீழே களிமண்ணில் வட்டமாக ஒன்று. முதலில் காய் என்று நினைத்தேன். கனமாக இருந்தது. ஐம்பது பைசா அகலம், ஆனால் இரண்டு மடங்கு தடிமன். பச்சையும் கறுப்புமாகப் பாசி பிடித்த மாதிரி இருந்தது. வேட்டியில் துடைத்தேன். ஒரு பக்கம் ஒரு பறவை நின்றது. இன்னொரு பக்கம் ஒரு ஆம்பிளை தலை. பக்கவாட்டில் பார்த்தபடி. தாடி. மேடு ஏறின மூக்கு.

மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து அம்மா கையில் கொடுத்தேன். அம்மா வெளிச்சத்துக்குத் திருப்பினாள். பிறகு, "இது எங்கடா கெடச்சாரு?" என்றாள்.

கிடைத்தது என்று சொல்லவில்லை. கிடைத்தார் என்றாள்.

என் பெண்சாதி எட்டிப் பார்த்தாள். "அத்தை, அது வெள்ளக்கார ராஜா காசு."

"வெள்ளக்கார ராஜா தலைய நான் பாக்காததா? அது மொழுமொழுன்னு இருக்கும். இந்த மூக்கப் பாரு. இது உங்க மாமன்."

"மாமா எப்ப காசுல ஏறினாரு?"

"நீ வாய மூடு."

கதவுக்குப் பக்கத்துச் சுவரில் விளக்கு வைக்கிற மாடம் ஒன்று இருந்தது. அம்மா காசை அங்கே சாய்த்து வைத்தாள். தினமும் ஒரு பூ வைத்தாள். பூ இல்லாத நாளில் துளசி. சாமை புடைக்கும்போது அதைப் பார்த்த மாதிரி உட்கார்ந்துகொள்வாள். முகம் வர மாட்டேன் என்கிறது என்று அதற்குப் பிறகு சொல்லவில்லை.

ஊருக்குத் தெரிந்துவிட்டது. பங்காளி ஒருத்தன் வழி மறித்து, "உங்கப்பன் ராஜாவாயிட்டானாமே. அடுத்த பட்டம் உனக்குத்தானா? எங்களுக்கு எதனா மந்திரி வேல போட்டுக் குடு" என்றான். நானும் சிரித்தேன்.

குளிர்காய்ச்சலைப் பார்க்கிற கவர்மெண்ட் ஆள், மலேரியாக்காரர், வர ஆரம்பித்தது அப்பா போன பிறகுதான். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை வருவார். பஸ் நிற்கிற இடத்திலிருந்து நடந்தே வருவார். தோளில் ஒரு பை. அதில் ஊசி, கண்ணாடிச் சில்லு, மாத்திரை, ஒரு ரிஜிஸ்டர். யாருக்காவது காய்ச்சல் என்றால் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சில்லில் தடவிக்கொள்வார். ஒவ்வொரு வீட்டுக் கதவுக்குப் பக்கத்திலும் கட்டம் போட்டு, வந்த தேதியை எழுதிவிட்டுப் போவார். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவராக இருப்பார். சிரித்த முகம்.

எல்லோரும் விரல் கொடுத்தோம். அம்மா கொடுக்கவில்லை. காய்ச்சல் வந்தபோதும் கொடுக்கவில்லை. "அன்னிக்கு வந்திருந்தா குடுத்திருப்பேன்" என்று ஒரு தடவைதான் சொன்னாள். அவர் வற்புறுத்தவில்லை. அதற்குப் பிறகு வந்தால் அம்மாவைக் கும்பிட்டுவிட்டுத் தேதி மட்டும் எழுதுவார்.

ஒரு தடவை அப்படி எழுதும்போது மாடத்தைப் பார்த்துவிட்டார். கையில் இருந்த பென்சில் நின்றது.

"அம்மா, இதைக் கொஞ்சம் எடுத்துப் பார்க்கலாங்களா?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அம்மாவே எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

அவருக்குப் பழைய காசுப் பைத்தியம். அது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பைக்குள்ளிருந்து பூதக்கண்ணாடி எடுத்தார். வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார்.

"இது ரோம் ராஜா காசுங்க" என்றார் என்னிடம். "ஆயிரத்து எண்ணூறு வருஷத்துக்குக் குறையாது. ஆனா ரோம்ல அடிச்சது இல்ல. எழுத்தப் பாத்தீங்களா, இது கிரேக்க எழுத்து. அந்த ராஜாவுக்குக் கீழ இருந்த எகிப்து தேசத்துல, ஒரு துறைமுகப் பட்டணத்துல அடிச்சது. அங்கருந்துதான் நம்ம பக்கம் கப்பல் வரும்."

"இன்னாத்துக்கு வந்தாங்க?"

"மிளகு, முத்து, துணி. ஆனா இது இந்த மலைக்கு எப்படி ஏறுச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது."

"எந்த ராஜா?"

"பேரு பாதி தேஞ்சிருக்கு. வரிசையா ரெண்டு மூணு பேரு தாடிக்காரங்க. அதுல ஒருத்தரு." பறவை பக்கம் திருப்பி ஓரத்தில் இரண்டு எழுத்தைக் காட்டினார். "ராஜா பட்டத்துக்கு வந்து இது எத்தனாவது வருஷம்னு இங்க போட்டிருக்காங்க. நான் உங்க சுவத்துல தேதி போடுற மாதிரி."

என் பெண்சாதி கேட்டாள். "அந்த ராஜா அந்த ஊருக்கு வந்து உக்காந்து மூஞ்சியக் காட்டினாரா?"

"அதாங்க வேடிக்கை. பல ராஜாங்க அந்தப் பக்கமே போனதில்ல. அச்சு வெட்டுன ஆசாரி ராஜாவ நேர்ல பாத்திருக்க மாட்டான். ரோம்லருந்து மாதிரி வரும். பொம்மையோ, காசோ. அதப் பாத்து வெட்டுவான். அதனால ஊருக்கு ஊரு மூஞ்சி மாறும். ஒரே ராஜாவுக்கு ஒரு ஊர்ல கன்னம் உப்பி இருக்கும், இன்னொரு ஊர்ல ஒட்டி இருக்கும். சில ஊர்ல பாத்தா அந்த ஆசாரியோட மாமனாரு மாதிரி இருக்கும்."

அம்மா சொன்னாள்: "அப்ப இத வெட்டுன ஆசாரி எங்க வூட்டுக்காரரப் பாத்துத்தான் வெட்டியிருக்கான்."

அவர் சிரிக்கவில்லை. காசை ஒரு தடவை பார்த்தார். அம்மாவை ஒரு தடவை பார்த்தார். "இருக்கலாங்கம்மா" என்றார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைக் கேட்டார். போட்டோ இல்லாததைச் சொன்னேன். அம்மாவுக்கு முகம் மறந்துபோனதையும் சொன்னேன்.

அவரிடம் தனியாக ஒரு நோட்டு இருந்தது. எந்த ஊரில் பழைய காசு பார்த்தாலும் அதன் மேல் தாளை வைத்து பென்சிலைச் சாய்த்துத் தேய்ப்பார். காசு தாளில் எழும்பி வரும். இதையும் அப்படி ஒரு பக்கத்தில் தேய்த்தார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, ராஜா தலையை அதே பக்கத்தில் பெரிதாக வரைந்தும் கொண்டார். சுற்றி ஏதோ எழுதிக்கொண்டார். "இந்த மலையில இது மாதிரி ஒண்ணு நான் பாத்ததே இல்லீங்க. நோட்டுலயே இதுதான் பெருசு" என்றார். விலைக்குக் கேட்கவில்லை. கேட்பார் என்று நினைத்தேன், கேட்கவில்லை.

போகும்போது சொன்னார், "அடுத்த தடவை சிநேகிதர்கிட்ட காமிரா வாங்கிட்டு வர்றேன். போட்டோ எடுத்துருவோம்."

தப்பு அதற்குப் பிறகுதான் நடந்தது. நான் செய்தது.

புளி எங்களுடையது. எங்கள் மலையில் எது வெளுக்க வேண்டும் என்றாலும் புளிதான். கோயில் மணி, விளக்கு, சொம்பு, கல்யாணத்துக்குக் கொண்டுபோகிற தட்டு. நாலு பேர் பார்க்கப் போகிற எதையும் புளி போட்டு விளக்காமல் வெளியே எடுக்க மாட்டோம். மூன்று வருஷப் பழம்புளி ஒரு பானையில் எப்போதும் இருக்கும். மை மாதிரி கறுப்பாக இருக்கும். அதற்கு வேகம் அதிகம்.

காமிரா வருகிற அன்று அம்மா பக்கத்துக் கொல்லைமேட்டு ஊரில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்தாள். மத்தியானத்துக்குள் வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தாள். காலையில் மாடத்தைப் பார்த்தேன். அப்பா பச்சைப் பாசியோடு நின்றார். போட்டோ எடுத்துக்கொள்ளப் போகிறவர் குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு போவார் இல்லையா. என் அப்பா ஸ்டுடியோவுக்குப் போகவேயில்லை. ஸ்டுடியோ இப்போது வீட்டுக்கு வருகிறது. அழுக்கோடு அவரை நிறுத்தக் கூடாது என்று பட்டது.

பழம்புளியும் உப்பும் கரைத்துப் போட்டேன். வேறு வேலை பார்த்துவிட்டு வந்தேன். நன்றாக ஊறிவிட்டது. சாம்பல் தொட்டு நாரால் தேய்த்தேன். பச்சை போயிற்று. கறுப்பு போயிற்று. உள்ளே புதுச் செம்பு மாதிரி சிவப்பாக வந்தது. சந்தோஷமாக இருந்தது. தண்ணீரில் அலசித் திருப்பிப் பார்த்தேன்.

முகம் இல்லை.

அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாக இருந்தது. தலை இருந்த இடத்தில் ஒரு மேடு. மூக்கு இல்லை, தாடி இல்லை. பறவை மட்டும் பாதி தப்பியிருந்தது.

என் பெண்சாதி குடத்தோடு வந்தாள். என் கையைப் பார்த்தாள். குடத்தை இறக்கி வைத்தாள்.

"இன்னாய்யா பண்ணிட்ட?"

"புளி போட்டேன்."

"ஐயோ. உன்ன யாரு போடச் சொன்னது?"

"யாரும் சொல்லல."

"அத்தை வந்தா இன்னா சொல்லுவ?"

காசைப் பழையபடி மாடத்தில் வைத்தேன். பறவை பக்கத்தைத் திருப்பி வைக்கலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். வைக்கவில்லை. முகம் இருந்த பக்கத்தையே வைத்தேன்.

அம்மா வந்தாள். வந்ததும் மாடத்தைத்தான் பார்த்தாள். கையில் எடுத்தாள். கட்டை விரலால் அந்த மேட்டைத் தடவினாள். சுற்றிச் சுற்றித் தடவினாள்.

"யாரு கழுவுனது?"

"நான்தாம்மா."

"சரி" என்றாள். காசை மாடத்தில் வைத்தாள். வெளியே போய்ப் புளியமரத்தடியில் உட்கார்ந்தாள். திட்டியிருந்தால் தேவலை. அவள் திட்டவில்லை.

மலேரியாக்காரர் காமிராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டே வந்தார். அவர் கும்பிட்டதற்கு அம்மா திருப்பிக் கும்பிடவில்லை. என் முகத்தைப் பார்த்தார். நேராக மாடத்துக்குப் போனார். காசைத் திருப்பினார். மோந்து பார்த்தார்.

"புளியா?"

"ஆமாங்க."

சுவரில் சாய்ந்தார். அவருக்கும் அது பெரிய நஷ்டம். முகத்தில் தெரிந்தது. மெதுவாகச் சொன்னார். "இவ்வளவு நாள் மண்ணுல கெடந்த காசுங்க. உள்ள இருக்கற செம்பு எப்பவோ அரிச்சுப்போச்சு. அந்தப் பச்சைதான் மூஞ்சியப் புடிச்சு வெச்சிருந்தது. அதுலதான் மூஞ்சி இருந்துச்சு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"உங்க மேல தப்பு இல்ல. தொடாதீங்கன்னு நான்தான் சொல்லியிருக்கணும். போட்டோன்னு சொல்லிட்டுப் போனவன் நான்" என்றார்.

இது ஒன்று. இதை நான் மறக்கவில்லை. குற்றத்தில் பாதியை அவராகவே எடுத்துக்கொண்டார்.

பிறகு நோட்டைத் திறந்தார். அந்தப் பக்கத்தை எடுத்தார். கொஞ்சம் யோசித்தார். ஓரத்தை மடித்து நகத்தால் அழுத்திக் கிழித்தார். ராஜா இருந்த காகிதம் அவரிடம் அது ஒன்றுதான். அதைக் கொண்டுபோய் மரத்தடியில் அம்மாவிடம் நீட்டினார். நாங்களும் பின்னால் போனோம்.

அம்மா வாங்கிப் பார்த்தாள். தூரத்தில் வைத்துப் பார்த்தாள். கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள்.

"இது அவரு இல்ல தம்பி."

அவர் அசரவில்லை. தரையில் உட்கார்ந்தார்.

"எங்கம்மா மாறுது?"

"தலையில இன்னா அது?"

"இலை மாலைங்க. ராஜாவுக்குக் கட்டுறது."

"எங்க வூட்டுக்காரரு இலையும் தழையும் கட்டுனதில்ல. ஆடா இன்னா அவரு? துண்டுதான் கட்டுவாரு."

பெண்சாதி சிரித்துவிட்டாள். அவர் பையிலிருந்து பென்சிலும் ரப்பரும் எடுத்தார். "எப்படிக் கட்டுவாருங்க? முடிச்சு எங்க வரும்?"

"காதுக்கு மேல."

இலையை அழித்தார். துண்டைக் கட்டினார். அம்மா எட்டிப் பார்த்தாள்.

"தாடி ஜாஸ்தி. அவருது சொறசொறன்னு கொஞ்சமாத்தான் இருக்கும். சந்தைக்குப் போற அன்னிக்குத்தான் செரைப்பாரு."

தாடியைக் குறைத்தார்.

"மூக்கு சரி. அதத் தொடாத."

"தொடலீங்க."

"காதுல ஒரு கிழிசல் இருக்கும். புளி உலுக்கறப்ப கெளை கிழிச்சது. இங்க. இன்னும் கீழ. ஆங்."

அவர் என் அப்பாவைப் பார்த்ததில்லை. அம்மா சொல்லச் சொல்லப் போட்டுக்கொண்டே வந்தார். தப்பினால் அழித்தார். இதற்குள் பங்காளியும் வந்து நின்று, "கழுத்துல அந்தக் குமிழு பெருசா இருக்கும்பா, தண்ணி குடிச்சா ஏறி எறங்கும்" என்றான். அதையும் போட்டார்.

"கண்ணு எப்படிங்கம்மா?"

அம்மாவுக்கு வராதது அதுதான். எனக்குத் தெரியும். அவரும் அவசரப்படுத்தவில்லை. பென்சிலைக் காகிதத்துக்கு மேலே பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"சிரிச்சா மூடிக்கும்" என்றாள் அம்மா, வெகுநேரம் கழித்து. "கண்ணே தெரியாது. கோடுதான் தெரியும்."

அகலத் திறந்திருந்த ராஜாவின் கண்ணை அழித்தார். அங்கே ஒரு கோடு போட்டார். ஓரத்தில் இரண்டு சுருக்கம். காகிதத்தைத் திருப்பி அம்மாவுக்குக் காட்டினார்.

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வருதுடா. டேய், வர்றாருடா."

நானும் பார்த்தேன். எனக்கும் வந்தார். மூஞ்சி இங்கயேதான கீது என்று சொல்லும்போது இருக்கிற முகம்.

அம்மா காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டாள். கண்ணைத் துடைத்தாள். பிறகு வலது கையை அவர் முன்னால் நீட்டினாள். ஒரு விரலை மட்டும் நிமிர்த்தினாள்.

"இந்தா தம்பி, குத்திக்க."

"காய்ச்சல் இல்லீங்களேம்மா?"

"பரவாயில்ல, குத்து. இத்தன நாளா வந்து போற."

அவர் குத்தினார். சில்லில் தடவினார். ரிஜிஸ்டரில் எழுதினார். சுவரில் அன்றைய தேதியையும் போட்டார்.

காமிரா சும்மா கிடந்தது. அதனால் அம்மா காகிதத்தை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றாள். தன்னையும் அப்பாவையும் சேர்த்து எடுக்கச் சொன்னாள். ஒரு மாசம் கழித்து படம் வந்தது. வெயிலில் எடுத்ததால் காகிதம் வெள்ளையாகப் போய்விட்டது. அப்பா தெரியவில்லை. அம்மா நன்றாக விழுந்திருந்தாள். அம்மாவுக்கு இருக்கிற படம் அது ஒன்றுதான். அவளும் எண்பதுகளில் போய்விட்டாள். இப்போது காகிதமும் படமும் ஒரே சட்டத்தில் கண்ணாடி போட்டு இருக்கிறது. என் பிள்ளைகளுக்கு இரண்டு பேர் முகமும் தெரியும்.

காசு மாடத்தில்தான் இருக்கிறது. அதை யாரும் கழுவுவதில்லை. திரும்பக் கொஞ்சம் பச்சை ஏறியிருக்கிறது.

அவர் நோட்டில் அந்த இடம் காலியாகவே இருந்தது. கிழித்த ஓரத்தைப் பிறகு ஒரு தடவை பார்த்தேன். அங்கே வேறு தாள் ஒட்டவில்லை. மாற்றலாகிப் போகிறேன் என்று கடைசியாக வந்தபோது என்ன கொடுப்பது என்று தெரியவில்லை. என்னிடம் இருந்தது புளிதான். பழம்புளி இரண்டு உருண்டை இலையில் கட்டிக் கொடுத்தேன். நன்றி என்று சொல்ல வாய் வரவில்லை.

வாங்கி மோந்து பார்த்தார். சிரித்தார்.

"குழம்புக்கு மட்டும்தாங்க" என்றார்.

"ஆமாங்க" என்றேன்.

பஸ் வரை கூட நடந்தேன்.